ஏலக்காய் வாசத்தைத் திருப்பி அனுப்பிய ஆமினா பீவி அவர்களுக்கு

குதிகால் விண்ணென்று தெறிக்க, விடிந்ததிலிருந்து வெறும் வயிறு காந்த, நோயாளிகளோடு தாமும் பட்டினி கிடந்தே அவர்களை மூச்சு ஊதச் சொன்ன மூத்த செவிலியரே! பொறுமையில் பெரியவரே! பிழை பொறுக்காத பீவி சிஸ்டரே!

இன்றோடு ஓய்வு பெறும் உங்கள் முப்பத்தோராண்டுப் பணியில் கடைசி நான்காண்டுகள், இரைப்பைப் புற்றையும் உணவுக்குழாய்ப் புற்றையும் மூச்சிலேயே முன்கூட்டி அறிய முடியுமா என்று பார்க்கும் ஆய்வுக்கு, நோயாளிகள் ஊதும் மூச்சைச் சேகரிக்க நீங்கள் பை பிடித்தீர்கள். பக்கத்து எண்டோஸ்கோபி அறையில் நாங்கள் தொண்டைக்குள் குழாய் விட்டோம். எங்களைக் கண்டு ஓடியவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். கேண்டீன் டீகூட உங்கள் மேசைக்குத்தான் முதலில் போனது. பாராட்டு மடலில் எழுதக் கூடாதுதான், எழுதுகிறோம். எங்களுக்குப் பொறாமை. “ஊதச் சொல்றதெல்லாம் ஒரு வேலையா, பலூன்காரம்மா” என்று உங்கள் காதுபடவே சொன்னோம். நீங்கள் சிரித்தீர்கள். அதில் எங்களுக்கு இன்னும் எரிந்தது.

நீங்கள் விடுப்பிலிருந்த ஒரு நாள், உங்களுக்குப் பதில் நாங்கள் பை பிடித்தோம். கருமத்தம்பட்டி விசைத்தறித் தொழிலாளி பாலுசாமி வந்தார். “ஏனுங்க, சிஸ்டருங்க மூஞ்சிக்கு நேரா ஊதோணும்னாங்க. நாறக்கூடாதுன்னு நாலு ஏலக்காய் மென்னுபோட்டு வந்தனுங்க” என்றார். வேறு வாசம் கலந்தால் சோதனை பொய்த்துவிடும் என்று, அப்படி வருபவர்களை நீங்கள் திருப்பி அனுப்புவது எங்களுக்குத் தெரியும். உங்கள் கண்டிப்புக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று அப்படியே ஊதச் சொல்லிப் பையை மூடினோம். கோளாறு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

அடுத்த வாரம் டீ குடிக்கையில் அதை வேடிக்கையாகச் சொன்னோம். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் கருமத்தம்பட்டி போய், “நாறுனா நாறட்டுமுங்கண்ணா, அந்த நாத்தந்தானுங்க எங்களுக்கு வேணும்” என்று மறுபடி ஊத வைத்தீர்கள். அந்த மூச்சில் சந்தேகம் வந்தது. குழாய் விட்டுப் பார்த்தால், இரைப்பையில் மொச்சைக்கொட்டை அளவில் புற்று. வயிற்றைக் கிழிக்காமலே எடுத்தாயிற்று. பாலுசாமி இன்று தறி ஓட்டுகிறார்.

வாழைத்தாரை அவர் எங்கள் அறைக்குத்தான் சுமந்து வந்தார். “உசுரக் காப்பாத்திப்போட்டீங்க சாமி” என்று எங்களைத்தான் கும்பிட்டார். வாசலில் நின்று பார்த்த நீங்கள், அடுத்த நோயாளிக்குப் பை எடுக்கப் போனீர்கள். நாங்கள் அவரைத் திருத்தவில்லை. பழத்தைத் தின்றோம்.

அன்பின் வடிவே, அயராத உழைப்பே! வேளைக்குச் சோறும் நிறைந்த தூக்கமும் பேரப்பிள்ளைகளின் தொல்லையுமாக நூறாண்டு வாழ்க!

பாலுசாமியின் முதல் மூச்சைக் கெடுத்தது நாங்கள். அவரைப் பிழைக்க வைத்தது நீங்கள். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கடன் இன்னும் எங்களிடம் பாக்கி.

எண்டோஸ்கோபிப் பிரிவு ஊழியர்கள்,
கோயம்புத்தூர்.