கதிரைகள் நடித்த நாடகம்

எனக்கு எழுபத்திரண்டு வயது, எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள்; நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். உட்காரும் கதிரையும் நடிக்கும் என்று நீர்வேலியில் நாடகம் பார்க்க வரிசையில் நின்றபோதுதான் கேள்விப்பட்டேன். எனக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒற்றைக்கால் மனிதர் ஒருவரும் மனைவியும். அவள்தான் வாசற்காரனைக் கேட்டாள்.

"தம்பி, இவருக்கொரு கதிரை தாரும்."

"கதிரை எல்லாம் நடிக்குது அக்கா. சனம் பாயிலைதான்."

"பாயிலை இருத்தினா ஆர் எழுப்பிறது? நீரோ?"

"அடுத்த நாடகத்துக்கு வாங்கோவன்."

"அதிலை எங்கடை மகள் நடிக்கேல்லையே!"

"விடுமப்பா, வீட்டை போவம்," என்றார் புருஷன்.

"நீங்கள் சும்மா வாங்கோ."

மண்டபத்தின் நடுவே நாடகத்துக்குப் போட்டிருந்த கதிரையொன்றில் அவரை இருத்தினாள்.

"ஐயோ அக்கா, அது நீதவானின்ரை கதிரை!"

"இண்டைக்கு நீதவான் நிண்டு தீர்ப்புச் சொல்லட்டும்."

நின்றுதான் சொன்னார். பேத்தி, இதைத் திருப்பி வாசி. அவள் சொன்னதை மட்டும் சத்தமாய் வாசி.