மாலை போட்ட ஹாட் டிஸ்க்

பஞ்சியில், சோம்பலில், இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் வவுணதீவு பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்த தன் மருமகனிடம் கேட்டது மறக்கவில்லை.

"உங்கட மாமிக்குத் திருநீறு பூசினது பிழையாப் போச்சோ மருமகன்?"

சுனாமி வந்து ஒரு வருசம் கழிந்திருந்தது. அவர் மடியில் ஒரு பழைய கொம்பியூட்டரின் ஹாட் டிஸ்க், திருநீற்றோடும் காய்ந்த மாலையோடும்.

"கடையில துடைச்சுப்போட்டுப் பாப்பாங்க மாமா. ஆனா இதுக்குப் போய் ஏன் பூசினீங்க?"

"மறுகா? வேறென்ன செய்யிற? வீட்டில இருந்த படமெல்லாம் கடலோட போயிற்று. அவட முகம் இதுக்குள்ள மட்டும்தானே கிடக்கு. திவசத்துக்கு வேற எதுக்கு மாலை போடுற?"

"சரி சரி. இது திறபட்டா, படத்தை என்ட புதுக் கொம்பியூட்டருக்கு மாத்தித் தருவாங்க."

பெரியவர் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தினா அவ இதுக்குள்ள இருக்கமாட்டாவா?"

"இருப்பா மாமா. கொப்பிதானே எடுக்கிற. ரெண்டிலயும் இருப்பா."

"அப்ப இறங்கின உடனே இன்னொரு மாலை வாங்குங்க."

புளியந்தீவில் இறங்கி இருவரும் பூக்கடைப் பக்கம்தான் முதலில் போனார்கள்.

இதைக் கூட்டாளிக்குச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்காமல் கேட்டான்:

"கடைக்காரன்ட கொம்பியூட்டரிலயும் ஒரு கொப்பி கிடக்குமேடா, அதுக்கு ஆர் படைக்கிற?"