முப்பத்திரண்டு இடமும் காலி

காட்டில் வெளிக்குப் போனால் ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். இதைச் சொன்னால் டென்வரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று பத்தொன்பது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் இறங்கிப் போன பிறகு, கையுறை மாட்டிக்கொண்டு காகிதம் பொறுக்கியது நான்தான்.

நீங்கள் ஷெரீஃப் அலுவலகத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றீர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாற்பத்தேழாம் எண் காட்டுச் சாலை, அடிவாரத்தில் இருக்கிற இரும்புக் கேட்டிலிருந்து ஒன்பது மைல் ஏறிப் போய் முடிகிறது. வழி நெடுகப் பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் அடிக்கத் தோதாக முப்பத்திரண்டு இடம். குழாய், கழிப்பறை, மேஜை எதுவும் இல்லை. கட்டணமும் இல்லை. யாரோ எப்போதோ அடுக்கிய கல்வட்டமும் அதில் கொஞ்சம் கரியும்தான் அடையாளம். யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே இந்தச் சாலையைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு நான் பெயர் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. ஒரு பச்சைச் சட்டையும் கேட்டின் சாவியும் கொடுத்தார்கள்.

ராய்ஸ் டல்லி என்ன மாதிரி ஆள் என்று கேட்டீர்கள். நல்ல ஆள். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மே மாதக் கடைசியில் வந்தார்கள், அவனும் அவன் மனைவி மார்னியும், ஒரு பழைய வெள்ளை வேனில். அவன் வீடு கட்டுகிற இடங்களில் சுவர்ப் பலகை அடிக்கிறவன். தோள்பட்டை போன பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். நகரத்தில் வேறு வீடு பிடிக்க முடியவில்லை. மார்னிக்கு முழங்கால் சரியில்லை, கம்பு ஊன்றித்தான் நடப்பாள். காட்டில் இப்படி நிறையப் பேர் வந்து தங்குகிறார்கள். விடுமுறைக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். இவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாள் காலையில் போய் நின்றேன்.

"பதினாலு நாள் ஆச்சு, ராய்ஸ்."

"எண்ணிக்கிட்டே இருந்தீங்களா, சாவிராஜா? என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு கவனிச்சதில்ல."

"சும்மா இருங்க. அவர் வேலையை அவர் பாக்கறாரு," என்றாள் மார்னி. "வெண்டல், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. பீன்ஸ் இப்பத்தான் இறக்கினேன்."

நான் சாப்பிடவில்லை. அவர்கள் முணுமுணுக்காமல் மூட்டை கட்டி அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பதினைந்தாம் நாளும் அப்படித்தான். காலி செய்த இடத்தை நான் போய்ப் பார்ப்பேன். சாம்பலைக் கிளறி, டப்பா ஏதாவது எரித்திருக்கிறார்களா என்று தேடுவேன். ஒன்றும் இருக்காது. சாம்பல் கையில் சில்லென்று இருக்கும். பச்சை மரத்தில் ஓர் ஆணி இருக்காது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். சின்ன விஷயம்தான்.

ஜூலையில் ராய்ஸ் மற்றவர்கள் போட்டுவிட்டுப் போகிற குப்பையையும் பொறுக்க ஆரம்பித்தான். ஞாயிறு சாயங்காலம் நான் போகும்போது கேட்டருகே பைகள் வாய் கட்டி வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் விறகு எங்கே, கரடி வருமா, ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதையெல்லாம் அவனிடமே கேட்டார்கள். ஒருமுறை நானே நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன், "பரவாயில்ல சார், ராய்ஸ் எல்லாம் சொல்லிட்டாரு," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

செப்டம்பரில் வன அலுவலகத்திலிருந்து டானிகா வந்தாள். முப்பது வயதுப் பெண், சுறுசுறுப்பானவள். மார்னியின் பீன்ஸை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். திரும்பும்போது என் டிரக்கின் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த வருஷத்துலேர்ந்து கேட்டை ராய்ஸ்கிட்ட குடுத்துடலாமான்னு ஒரு யோசனை. அவங்களுக்குத் தங்க ஒரு டிரெய்லர் வீடும் கிடைக்கும். நீங்களும் எத்தனை வருஷந்தான் அலைவீங்க, வெண்டல்?"

"நல்ல யோசனை," என்றேன்.

நீங்கள் இதைக் காரணமாக எழுதிக்கொள்வீர்கள் என்று தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. கோபக்காரன் யோசிக்காமல் செய்வான். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு டானிகா போன் செய்தாள். இரண்டு நாள் கடும் பனி கொட்டப் போகிறது, இந்த வருஷத்துக்குச் சாலையை மூடிவிடலாம் என்றாள். "கடைசி வரைக்கும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு, யாரும் இல்லன்னா பூட்டிடுங்க." அதற்கு ஒரு படிவம் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம், கீழே கையெழுத்து.

பத்தொன்பதாம் இடம் வரை போனதாகவும், அதற்கு மேல் சாலை வழுக்கியதால் திரும்பிவிட்டதாகவும் நவம்பரில் உங்கள் ஆட்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிற அந்த இளம் தம்பதியின் வாக்குமூலத்தைப் படித்தேன். அவர்கள் சொல்வது சரி. கடைசியாகக் கீழே இறங்கிய கார் அவர்களுடையதுதான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அந்தப் பெண், "மேல வேன்ல ரெண்டு பேர் இருக்காங்க, போன் எடுக்காத இடம், பனி வர்றதே அவங்களுக்குத் தெரியாது. சொல்லிடுங்க," என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சாலை வழுக்கவும் இல்லை. பனி விழவே தொடங்கவில்லை. நான் இருபத்தேழாம் இடம் வரை போனேன். வேன் நின்றிருந்தது. பக்கவாட்டில் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, உள்ளே அடுப்பு மூட்டியிருந்தார்கள். வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. மார்னி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். இன்ஜினை நிறுத்தாமல் வளைவிலேயே டிரக்கைத் திருப்பினேன். பாட்டு வைத்திருந்தார்கள், அதனால் கேட்டிருக்காது. கேட்டுக்கு வந்து பூட்டினேன். படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, அடியில் 'முப்பத்திரண்டு இடமும் காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காலையில் பனியைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்கள், கேட் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கு ஞாபகம் வரும். அந்த அளவுக்குத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஹாரன் கேட்டது. கேட்டுக்கும் என் வீட்டுக்கும் அரை மைல். நடுவில் ஒரு திருப்பமும் ஒரு மேடும். மூன்று மூன்றாக அடித்தார்கள், கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. முழங்கால் வரை பனி ஏறியிருந்தது. வேன் கேட்டருகே பள்ளத்தில் சறுக்கி நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. நான் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கட்டும், பிறகு போகலாம் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் ஆனது. அப்போது கிளம்பியிருந்தால், ஒரு மணி நேரமாக ஏன் வரவில்லை என்று அவன் கேட்டிருப்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் ஆனபோது அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. நீங்கள் சின்ன வயசுக்காரர், உங்களுக்குப் புரியுமோ தெரியாது. பிந்திப் போவதற்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். நேரம் ஆக ஆக அந்தக் காரணம் கிடைக்காமல் போகிறது. போன் வேலை செய்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் படிவத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

மூன்று மணி வாக்கில் ஹாரன் மாறியது. மூன்று மூன்றாக அடிப்பது நின்று, சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்றே ஒன்று, நீளமாக. அது என்ன என்று எனக்கு உடனே விளங்கியது. இது என்னைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை. ராய்ஸ் நடந்து புறப்பட்டுவிட்டான். எதிரே எதுவும் தெரியாத பனியில், வேன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மார்னி அடித்துக்கொண்டிருக்கிறாள்.

விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, எனவே கேட்கவும் மாட்டீர்கள். ஆனாலும் சொல்வதென்றால் முழுவதும் சொல்லிவிட வேண்டும். என் முற்றத்தில் ஒரு கம்பத்து விளக்கு இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். பனிக்காலத்தில் பகலிலும் எரியும். சாலையில் போகிறவர்களுக்காக என் மனைவி வைக்கச் சொன்னது. நாலு மணி இருக்கும், வேலி மூலையில் பழுப்பாக ஏதோ அசைந்தது. முதலில் மான் என்று நினைத்தேன். அது கையைத் தூக்கியது. என்னைப் பார்த்து இல்லை, விளக்கைப் பார்த்து.

நான் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன்.

அந்த உருவம் நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அப்போது மார்னி ஹாரனை அடித்தாள். ஓடைப் பக்கத்துப் பாறைச் சரிவில் அந்தச் சத்தம் மோதித் திரும்பும், இங்கே இருக்கிற எனக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. சத்தம் வந்த பக்கம் என்று நினைத்து ஓடையை நோக்கித் திரும்பினான். பிறகு பனி மறைத்துவிட்டது.

ஹாரன் மறுநாள் விடியும் வரை கேட்டது. பேட்டரி இறங்க இறங்கச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் பனி நின்றது. டிராக்டரில் பனியைத் தள்ளிக்கொண்டு போய், பூட்டில் உறைந்திருந்த பனியை உருக்கித் திறந்தேன். மார்னி இருந்த கம்பளி அத்தனையையும் சுற்றிக்கொண்டு கிடந்தாள். ஹாரன்மேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது. கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி.

"ராய்ஸ் உங்க வீட்டுக்குத்தானே வந்தாரு?" என்றாள். உதடு அசையவில்லை, ஆனாலும் புரிந்தது.

"இல்லம்மா. வரலியே."

"நீங்க வந்துட்டீங்க," என்றாள்.

அவளை நான்தான் தூக்கி வந்தேன். மீட்புக் குழுவை நான்தான் கூப்பிட்டேன். பத்திரிகையில் என் படம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராய்ஸைச் செவ்வாய்க்கிழமை மோப்ப நாய்கள் கண்டுபிடித்தன, ஓடைக்கரையில், என் விறகு அடுக்கிலிருந்து நூற்றறுபது அடி. ஒரு கையுறையைக் கழற்றியிருந்தான். இறுதிச் சடங்கில் டானிகா என் தோளில் சாய்ந்து அழுதாள். மேலே யாரும் இல்லை என்று நான் எழுதினது எப்படி என்று அவள் கேட்கவே இல்லை. பத்தொன்பதாம் இடத்தோடு திரும்பிவிட்டேன் என்று நானாகச் சொன்னதும், "உங்க வயசுல உங்களை அனுப்பினதே என் தப்பு," என்றாள்.

மார்னிக்கு இரண்டு பாதத்திலும் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எங்கே போவாய் என்று கேட்டார்கள். அவளுக்குச் சொல்ல இடம் இல்லை. ஒரு அக்கா ஒஹாயோவில் இருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லை. நான் பின்னறையைக் காலி செய்து கொடுத்தேன். வாசலில் சாய்பலகை வைத்தேன், குளியலறையில் பிடி போட்டேன், எல்லாம் என் கையால். இப்போது ஏப்ரல். காலையில் சக்கர நாற்காலியில் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் காப்பி குடிப்பாள். சில நாள், "அன்னிக்கு அவர் இன்னும் கொஞ்சம் நடந்திருந்தா உங்களைப் பாத்திருப்பாரு இல்ல?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அது பொய் இல்லை.

நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேனைப் பார்த்தேன், பூட்டினேன், ஹாரனைக் கேட்டேன், விளக்கை அணைத்தேன். எதையும் மறுக்கவில்லை. உங்களோடு வரவும் தயார்தான். ஆனால் இன்றைக்கு என்றால் சிரமம். அவள் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள், எழுந்ததும் காலுக்குக் கட்டு மாற்ற வேண்டும். வேறு யார் தொட்டாலும் அவளுக்கு வலிக்கிறதாம். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?