வளியும் வழியும்

பழைய கார் கிளம்ப மறுத்தால் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், மேடம். பாதிப் பேர் அதைப் பார்க்காமலேயே இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்து பேட்டரி. அதற்கும் அடுத்து, பிளக்கில் பொறி வருகிறதா என்பது. இந்த வரிசையில் போனால் கிளம்பாத வண்டி கிடையாது. கிறிஸ்துராஜ் சாருடைய கார் மட்டும் கிளம்பவில்லை. அதன் ஒரு பாகம் என் சட்டைப் பையில் இருந்தது.

வாக்குமூலத்தை வாயால் சொன்னால் போதும் என்றீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான்தான் பேப்பர் கேட்டேன். மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தில் எனக்குப் பிழை வந்ததே இல்லை. நாக்கில்தான் ழகரம் வராது. மதுரையில் பாதிப் பேருக்கு வராது; அதற்காக ஊரில் யாரும் வாழைப்பழம் சாப்பிடாமல் இல்லை. ஆனால் எங்கள் தலைமையாசிரியர் கிறிஸ்துராஜ் சார் தமிழ் எம்.ஏ. பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "பெனடிக்ட், நாக்கை மடி. மடிச்சு இன்னொரு தடவை சொல்லு" என்பார். நானும் மடிப்பேன். ளகரம்தான் வரும். பெற்றோர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஓய்வு பெற்றபின் கீழக்குயில்குடி ரோட்டில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று அவர் சொல்லி, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கினேன். மனிதன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதும் உண்டு.

அந்தக் கார் அவருடைய மாமனார் வைத்திருந்தது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. அதன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. சாருக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப்போய், நேரே இருப்பது மட்டும் மங்கலாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு அவர் ஒருகாலத்தில் தமிழ் நடத்தியிருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஒருநாள் கன்றுக்குட்டியை இடித்துவிட்டு, ரோட்டில் அறிவிப்பு இல்லாமல் வேகத்தடை போட்டிருக்கிறார்கள் என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதினார்.

அவர் மகள் ஆன்மேரி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். பானெட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றினாள். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் தகரம்.

"அங்கிள், இத நீங்களே வச்சுக்கங்க. வீட்ல இருந்தா அப்பா எப்படியும் தேடி எடுத்துருவாரு. இந்த வண்டி ஓடாம கெடந்தாத்தான் அவரு உசுரோட இருப்பாரு," என்று என் கையில் வைத்து மூடினாள். அழுதாள். நல்ல பெண். மனிதர்களை எடைபோடத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் சாயங்காலம் நானும் சாரும் வண்டியைச் சோதிப்போம். அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் நான்தான் அவர் கண். ரோட்டர் உட்காருகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, "உள்ளே எல்லாம் இருக்கா?" என்பார். "இருக்கு, சார்" என்பேன். "பொறி வருதா?" "வருது, சார்." அப்படியானால் கோளாறு வேறிடத்தில் என்று தீர்மானித்து, கார்புரேட்டரைக் கழற்றி ஊதச் சொல்வார். ஊதுவேன். பெட்ரோல் பம்பு, குழாய், வடிகட்டி எல்லாம் கழுவி முடித்தோம். காளவாசலில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஆன்மேரி முன்கூட்டியே போன் போட்டிருந்ததால், இன்ஜினே போச்சு, பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சார் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லையாம். எனக்கு நன்றாகப் பசித்தது.

உண்மையைச் சொல்கிறேன், மேடம்: அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. என் நாக்கு ஏன் மடியவில்லை என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர், தன் வண்டி ஏன் ஓடவில்லை என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அப்படியே விட்டிருந்தால் இன்றும் இரண்டு பேரும் கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருப்போம். அவர்தான் விடவில்லை.

அந்த ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பது என் முறை. ஆண்டவர் தன்னையே வழி என்றும் வாழ்வு என்றும் சொல்லுகிற இடம். என் வாயில் ஒன்று வளியாகவும் மற்றொன்று வாளாகவும் போய்விட்டன. கோயிலில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வெளியே வந்ததும் சார் என்னை என் மனைவி பிலோமினாள் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"வளின்னா காத்து, பெனடிக்ட். அது கார்புரேட்டருக்குள்ள போறது. ஆண்டவரை எதுக்குய்யா அதுக்குள்ள அனுப்புற? அதுவும் கையில வாளோட?"

பிலோமினாள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போதும், "ஏங்க, கையில வாளோடயாம்ல," என்று சொல்லிச் சொல்லிக் கரண்டியைக் கீழே போட்டாள். நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் காலையில் ரோட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். "சார், ஒரு வயர்ல சந்தேகமா இருக்கு," என்று சொல்லி மூடியைத் திறந்து, அதை அதன் இடத்தில் உட்கார வைத்தேன். இரண்டு முறை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. சார் பானெட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். "இதுக்குள்ள உசுரு இருக்குன்னு நீ ஒருத்தன்தான்யா நம்புன," என்றார். நான் செய்தது இவ்வளவுதான். நண்பனின் வண்டியைப் பழுது பார்த்துக் கொடுத்தேன். அவர் கண்ணைப் பழுது பார்க்க நான் படிக்கவில்லை.

"காளவாசல் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம். ஆன்மேரிக்குச் சொல்லிராத."

அவர் வீட்டு வாசல் ரோடு திரும்புகிற இடத்தில் இருக்கிறது. ஜல்லி லாரிகள் போகிற ரோடு. வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர முடியும். நான் வெளியே போய் ரோட்டோரம் நின்றேன். லாரி வருவது தெரிந்தது. சார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"பெனடிக்ட், வழி இருக்கா?"

"வழி இருக்கு, சார்."

அவர் பிரேக்கை மிதித்தார். நான் பயந்துதான் போனேன், லாரிச் சத்தத்தைக் கேட்டுவிட்டாரோ என்று. அது இல்லை. முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

என் நாக்கு மடிந்திருந்தது, மேடம். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆயுள் முழுக்க வராதது அன்று தானாக வந்தது. மாற்றிச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

"வழி இருக்கு, சார்," என்றேன். முதல் தடவையைவிடச் சுத்தமாக வந்தது.

"சபாஷ்," என்று சொல்லிவிட்டு கிளட்சை விட்டார். மற்றதெல்லாம் விபத்து நடந்த இடத்தில் நீங்கள் எழுதிய மகஜரில் இருக்கிறது.

லாரி டிரைவர் அருண்பாண்டியை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தப்பு. அவன் ஹார்ன் அடித்தான். இறங்கி ஓடிவந்து, நடுரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க பாத்துக்கிட்டுத்தானண்ணே நின்னீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா நிப்பாட்டியிருப்பாரேண்ணே," என்று கேட்டான். நான் கையை உருவிக்கொண்டேன். அவன் அம்மா ஒச்சாயி ஸ்டேஷன் வாசலில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அடக்கத்தன்று ஆன்மேரி என் தோளில் சாய்ந்து, "ரோட்டர் அப்பா கைக்கு எப்படி அங்கிள் போச்சு?" என்று கேட்டாள். தெரியவில்லையே, அம்மா என்றேன். அருண்பாண்டியை விட்டுவிடுங்கள். ரோட்டரைப் போட்டது நான். லாரியைப் பார்த்தது நான். வழி இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் கிடையாது.

ஒரே ஒரு விண்ணப்பம். நான் சொன்னதைக் கேட்டவர் சார் ஒருவர்தான், அவரும் இப்போது இல்லை. உங்கள் ஏட்டய்யா மருது சற்றுமுன் இதன் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்தார். அவருக்கும் நாக்கு மடியவில்லை. கோர்ட்டில் இதைப் படிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சொன்ன மாதிரி சரியாகச் சொல்லச் சொல்லுங்கள்.