கடல் தபால்: தமிழ்ப் பதிப்பு

இசைவாணி: ஏத்துக்கினாங்கடி! ஏத்துக்கினாங்க!

நாசியா: ஏய், கத்தாத... பஸ்ஸே திரும்பிப் பாக்குது. யாரு, இன்னாத்த ஏத்துக்கினாங்க?

இசைவாணி: நான் எழுதின புரோகிராம் கோடு! காலைல ஆறே முக்காலுக்கு அவங்க டூலோட சேத்து மெர்ஜ் பண்ணியிருக்காங்க. இப்பத்தான் போன்ல பாக்கறேன்.

நாசியா: யாரு, நாலு மாசமா பதிலே போடாத அந்த ஃபின்லாந்து ஆளா?

இசைவாணி: அந்த ஆளேதான்! இன்னா எழுதியிருக்காரு பாரு. "இந்தச் சிக்கலை இத்தனை வருஷமா யாரும் தொடல. அருமையா பண்ணியிருக்கீங்க"ன்னு.

நாசியா: மாஷா அல்லா! குடு, குடு... ஏய், உன் பேரு! இசைவாணி, விழுப்புரம்னே போட்டிருக்குது!

இசைவாணி: இனிமே உலகத்துல பழைய கேமை வேற மொழிக்கு மாத்தறதுக்கு எவன் அந்த டூலை எறக்கினாலும் கூடவே விழுப்புரமும் எறங்கும்.

கண்டக்டர்: டிக்கெட்... எங்கம்மா?

இசைவாணி: திண்டிவனம் ரெண்டு, அண்ணா.

கண்டக்டர்: அந்த லேப்டாப்பை மடியில வெச்சுக்கம்மா. மேல வெச்சா விக்கிரவாண்டிக்குள்ள உருண்டுடும். இன்னா, ஞாயித்துக்கிழமைல பரீட்சையா?

நாசியா: இல்லண்ணா. கேம் காட்டப் போறோம்.

கண்டக்டர்: கேமா? எந்தக் காலேஜு?

இசைவாணி: காலேஜெல்லாம் முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சுண்ணா. நான் இங்க உரக்கடைல பில் போடறவ. இவளுக்குக் கோட்டக்குப்பம், பாண்டிச்சேரில கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷன்ல இருக்கறா. வாரத்துல ஆறு நாள் வேலை, மிச்ச நாள் இந்தப் பைத்தியம்.

கண்டக்டர்: டப்பு டுப்புன்னு சுடறதாம்மா?

நாசியா: சுடறதே கெடையாதுண்ணா. கடல் நடுவுல ஒரு தீவு. சாயோன்னு ஒரு பொண்ணு. படகு ஓட்டிக்கினு போயி வீட்டுக்கு வீடு தபால் குடுப்பா. ஜப்பான்ல இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த கேமு. அதை நாங்க தமிழுக்குக் கொண்டாந்துட்டோம்.

கண்டக்டர்: தபால் குடுக்கறதுல இன்னாம்மா விளையாட்டு? எங்க மச்சான் அதைத்தான் பண்றான். முட்டி வலிக்குதுன்றான்... யாருப்பா அது, படியில நிக்காத, உள்ள வா!

இசைவாணி: ஹஹ்ஹா... முட்டி வலிக்குதாம்!

நாசியா: சிரிக்காத, நம்ம சாயோவுக்கும் ரெண்டாவது அத்தியாயத்துல முட்டி வலிக்கும்.

இசைவாணி: அவளுக்கு முட்டி. எனக்குக் கண்ணு. அந்த "பொண்ணு"ங்கற வார்த்தை ஒண்ணை ஸ்கிரீன்ல ஒழுங்கா வரவெக்கறதுக்கு எத்தன நாளு!

நாசியா: ஐயோ, அந்த மொதநாள் ஸ்கிரீன்! கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல 'ப' அனாதையா நிக்கும்.

இசைவாணி: ஜப்பான் எழுத்துக்கு ஒண்ணொண்ணுக்கும் ஒரே அளவு கட்டம். நம்ம எழுத்து கட்டத்துக்குள்ள அடங்குமா? பின்னாடி எழுதறது முன்னாடி போய் நிக்கும், மேல ஏறும், கீழ தொங்கும். அதான் கட்டத்தையே தூக்கிப் போட்டுட்டு வேற வழி எழுதினேன்.

நாசியா: இப்ப அது தமிழுக்கு மட்டுமா?

இசைவாணி: அங்கதான்டி விஷயம்! கீழ ரெண்டு பேரு எழுதியிருக்காங்க. ஒருத்தன் வங்காளி, ஒருத்தி சிங்களப் பொண்ணு. "எங்க எழுத்தும் இதுல ஒழுங்கா வருது, நாங்களும் ஆரம்பிக்கப் போறோம்"னு. எவனோ எழுதிக் குடுத்ததை நான் எடுத்தேன், நான் எழுதினதை எவளோ எடுத்துக்கினு போறா!

நாசியா: உன் காலைத் தரையில வெச்சுக்கோ. முன் சீட்டு ஆளை உதைக்கற.

இசைவாணி: சாரிங்கண்ணா... நீ மட்டும் இன்னாவாம்? அனிமே கார்ட்டூன் பாத்தே ஜப்பான் மொழி கத்துக்கினவ. அந்த டூரிஸ்ட் கதை சொல்லவா, பஸ்ஸுக்கே?

நாசியா: வேணாம்...

இசைவாணி: ஒரு ஜப்பான் தாத்தா ரூம் கேட்டு வந்தா, கவுண்டர்ல எழுந்து நின்னு "வீரனே, உனக்காகவே காத்திருந்தேன்"னு...

நாசியா: எனக்கு அப்ப கத்திச் சண்டை சீரியல்ல வர்ற பேச்சு மட்டுந்தான் தெரியும்! அந்தாளு சிரிச்சு சிரிச்சு பையைக் கீழ போட்டுட்டாரு. அப்புறந்தான் ஒழுங்கா இலக்கணம் படிச்சேன், பரீட்சை எழுதினேன். சரி, அங்க எத்தன பேரு வருவாங்க?

இசைவாணி: டியூசன் சென்டர் மாடிதான். நாப்பது பேரு உக்காரலாம். மாசாமாசம் கூடற குழு, எல்லாம் நம்மள மாதிரி கிறுக்குங்க. பதினோரு மணிக்கு நம்மளது. கேமைக் காட்டி முடிச்ச உடனே, இதுவரைக்கும் சோதனைப் பதிப்பா இருந்ததை முழுசா எல்லாரும் எறக்கிக்கலாம்னு திறந்து விடறோம்.

நாசியா: எனக்குப் பயமா இருக்குதுடி.

இசைவாணி: எனக்குந்தான்... நாசியா.

நாசியா: இன்னா?

இசைவாணி: ஒண்ணுமில்ல.

நாசியா: நேத்து ராத்திரி சாப்பிடறப்பவும் இதே மாதிரி கூப்ட்டு, ஒண்ணுமில்லன்ன. சொல்லுடி.

இசைவாணி: காட்டி முடிச்சப்புறம் சொல்றேனே...

நாசியா: இப்ப சொல்லல, நான் விக்கிரவாண்டில எறங்கிடுவேன்.

இசைவாணி: விக்கிரவாண்டி போயி பத்து நிமிஷம் ஆச்சு.

நாசியா: வாணி!

இசைவாணி: சரி, சரி... திட்டக்கூடாது. மெயில் வந்திருக்குது. வியாழக்கிழமையே. ஜப்பான்ல இருந்து.

நாசியா: யாருகிட்ட இருந்து?

இசைவாணி: மொரிகாவா.

நாசியா: எந்த... ஏய்! கேமை எழுதினவரா? அந்த மொரிகாவாவா?

இசைவாணி: கத்தாத, பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

நாசியா: மூணு நாளா வெச்சுக்கினு இருக்கறியே, மனுஷியா நீ?

இசைவாணி: எனக்கு ஜப்பான் மொழி தெரியாது, மொழிபெயர்க்கற மெஷின்ல போட்டுப் பாத்தேன். நல்ல சேதி இல்லடி. "நிறுத்தம்"னு வருது. "கடைசி அத்தியாயம் என்னுடையது அல்ல"ன்னு வருது. கேஸு கீஸு போடுவாங்களோன்னு எனக்கு ஒரே பேஜாரு. உனக்குக் காட்டினா நீ இன்னிக்கு வர மாட்ட. பதினோரு மாச வேலை... ஒரே ஒரு தடவை நாப்பது பேருக்குக் காட்டிட்டு, அப்புறம் எடுத்துடச் சொன்னா எடுத்துடலாம்னு...

நாசியா: கடைசி அத்தியாயம்னா சொன்னாரு?

இசைவாணி: ஆமா. அதான் புரியல. சாயோவோட அப்பா கப்பல்ல இருந்து எறங்கி வருவாரே, "சோறு ஆச்சா கண்ணு, பசிக்குது"ம்பாரே... அந்த எடத்தைச் சொல்றாரா? எனக்கு அங்க ஒவ்வொரு தடவையும் கண்ணுல தண்ணி வந்துடும். அதுல இன்னா குத்தம் கண்டாரு? இந்தா, நீயே படி.

நாசியா: அங்க போயி படிக்கறேன்.

இசைவாணி: இப்ப படி!

நாசியா: பஸ்ஸுல படிச்சா எனக்குத் தல சுத்தும்...

இசைவாணி: விழுப்புரத்துல இருந்து போனையே பாத்துக்கினு வர்ற, அப்ப சுத்தல? ஜல்தி படிடி, உயிரு போவுது.

நாசியா: ம்... "இசைவாணி, நாசியா இருவருக்கும் வணக்கம். எனக்கு வயசு அறுபத்தாறு"...

இசைவாணி: ம்.

நாசியா: "எங்க கட்டடத்துல ஒரு தமிழ்க்காரர் குடியிருக்கார். நீங்க வெளியிட்ட சோதனைப் பதிப்பை அவர்தான் எனக்கு விளையாடிக் காட்டினார். நான் எழுதின ஜோக்குக்கு அவர் வேற மொழியில சிரிக்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

இசைவாணி: அய்யோ... மேல.

நாசியா: "கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே... கை நின்னு போச்சு."

இசைவாணி: கையா?

நாசியா: அதான் உன் மெஷினு சொன்ன "நிறுத்தம்". நம்மள நிறுத்தச் சொல்லலடி. அவரு கைதான் நின்னு போச்சாம்.

இசைவாணி: அப்ப... கேஸு இல்ல?

நாசியா: இல்ல.

இசைவாணி: அட மெஷினே! மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல! படி, படி...

கண்டக்டர்: கூட்டேரிப்பட்டு! மயிலம் போறவங்கல்லாம் எறங்குங்க! பையை எடுத்துக்கோ பெரியவரே... போலாம் ரைட்!

இசைவாணி: ஏன் நிறுத்திட்ட? கண்டக்டரு நம்மள ஒண்ணும் சொல்லல. படி.

நாசியா: "கேமை வெளியிட்ட கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சு. உரிமை என்கிட்டத்தான் இருக்கு. நீங்க தாராளமா வெளியிடலாம்."

இசைவாணி: ஆ!

நாசியா: "அது மட்டும் இல்ல. நான் எழுதின மொத்த கோடும் பழைய டிஸ்க்குல பத்திரமா இருக்கு. இந்த மாசமே அதை யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்னு திறந்து விடறேன்."

இசைவாணி: நாசியா... நாசியா! ஒரிஜினல் கோடுடி! இருபத்தெட்டு வருஷமா ஜப்பான்காரனுக்கே கெடைக்கல! நான் ஒவ்வொரு பைட்டா தோண்டி எடுத்ததை அந்தாளு அப்படியே தூக்கிக் குடுக்கறாரு!

கண்டக்டர்: இன்னாம்மா, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?

இசைவாணி: அதுக்கும் மேலண்ணா! திண்டிவனம் வந்ததும் நீங்களும் வாங்க, டியூசன் சென்டர் மாடிக்கு!

கண்டக்டர்: நான் திரும்ப டிரிப்பு அடிக்கணும்மா. எறங்கறப்ப லேப்டாப்பை மறந்துடாத.

இசைவாணி: நாப்பது பேரும் சீட்டை விட்டு எகிறப் போறானுங்க. மொதல்ல மெயிலைக் காட்டு, அப்புறம் கேமு. நீ நின்னு ஜப்பான் மொழியில வாசி, நான்... நாசியா? நீ ஏன்டி சிரிக்கவே மாட்டேன்ற?

நாசியா: சிரிச்சுக்கினுதானே இருக்கறேன்.

இசைவாணி: இல்ல. போனைக் குடு. இன்னும் நாலு வரி இருக்குதே, அதைப் படிக்கல நீ.

நாசியா: அது... சும்மா, முடிக்கறப்ப எழுதற மரியாதை வார்த்தை.

இசைவாணி: மரியாதை வார்த்தைல எதுக்குக் கேள்விக்குறி? எனக்கு மொழிதான் தெரியாது, கேள்விக்குறி தெரியும். படி.

நாசியா: எறங்கற எடம் வந்துடப் போவுது, பையை எடு.

இசைவாணி: நான் மெயிலை மறைச்சேன், சொல்லிட்டேன் இல்ல? நீயும் சொல்லு.

நாசியா: "நான் எழுதின முடிவு வேற. அப்ப எனக்கு ரெண்டாவது முடிவு ஒண்ணு எழுதற தைரியம் வரல. தமிழ்ல இருக்கற முடிவை எழுதினது யாரு? அவங்க சம்மதிச்சா, அதை ஜப்பான் மொழிக்கு மாத்தி நான் கேமுல சேத்துக்கலாமா?"

இசைவாணி: வேற முடிவா? இரு... மூலத்துல இருக்கறதைத் தவிர ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கலன்னு நம்ம வெப் பக்கத்துல கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கறேன். நீ மொழிபெயர்க்கத்தானே செஞ்ச? அப்ப சாயோவோட அப்பா ஜப்பான் கேமுல எப்படிடி வருவாரு?

நாசியா: வரமாட்டாருடி. கப்பல் வரும், எல்லாரும் எறங்குவாங்க, அவரு மட்டும் இருக்கமாட்டாரு... அதை அடிக்க உக்காந்த அன்னைக்குத்தான் சவூதி தம்மாம்ல இருந்து எங்க அத்தா போன் பண்ணாரு, இந்தப் பெருநாளைக்கும் லீவு இல்ல மகளே, வீட்டுக்கு வராம அஞ்சாவது வருஷம்னு. அதான் வாணி... உன்கிட்டகூட கேக்காம, அவரை அந்தக் கப்பல்ல ஏத்திவிட்டுட்டேன்.