லெட்சுமணன் ஐயாவின் காலை மாத்திரை

அக்கா, உன் தம்பி யுகேந்திரன்தான். இன்னும் மலேசியாவில், கேமரன் மலையில் திரிங்காப் என்ற ஊரின் பூப்பண்ணையில்தான் வேலை செய்கிறேன். கையெல்லாம் உரம், அதனால் போனிடம் பேசித்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், அக்கா.

முதலாளி லெட்சுமணன் ஐயா நல்லவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மூளையில் இருந்த கட்டிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. நான்கு மாதம் கழித்துத் தலைவலி வந்தது, இடது கால் இழுத்தது. அவரைத் தாங்கிக்கொண்டு நானும் டாக்டர் அறைக்குள் போனேன்.

"கட்டி திரும்ப வரல. கதிர் பட்டு எரிஞ்ச எடத்த சுத்தம் பண்ண ஒங்க ஒடம்போட காவல் செல்லுங்க கூட்டமா வந்திருக்கு. அதுங்க போடுற சண்டையிலதான் மூள வீங்குது," என்றார் டாக்டர்.

"என் மண்டைக்குள்ளயே கேங்கு சண்டையா? போலீசக் கூப்பிடுங்கலா," என்றார் ஐயா.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைதான் அந்தப் போலீஸ். காவல் செல்களை அடக்கும், வீக்கம் வடியும். திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

ஐயாவின் மனைவி ருக்குமணியம்மா விடிந்ததும் பூ கட்டும் கொட்டகைக்குப் போய்விடுவார். மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, துடைப்பது எல்லாம் என் வேலை. மாத்திரையால் அவருக்கு அடங்காத பசி. முகம் பூசணிபோல் உப்பியது. மீ கோரேங் நூடுல்ஸை இரண்டு கையாலும் அள்ளித் தின்பார். பாதி எச்சிலோடு வெளியே வழியும். கழுத்து மடிப்பில் காய்ந்து ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுப்பேன். அந்தப் புளித்த வாடை என் சட்டையை விட்டுப் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் போடுடா தம்பி," என்று அதே கையால் என் கன்னத்தைத் தட்டுவார்.

அருவருப்பினால் செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. யோசித்துத்தான் செய்தேன்.

வந்த புதிதில் சாமந்திக்கு நான் பூச்சிமருந்தை அதிகமாக அடித்தபோது ஐயாவே திட்டினார்: "பொறிவண்டெல்லாம் செத்துட்டா அசுவினிய யாருடா திங்கிறது, ஒங்கப்பனா?" நல்ல பூச்சியை அதன் வேலையைச் செய்ய விட வேண்டும். மூளையில் அந்தக் காவல் செல்களும் அப்படித்தானே? அதனால் மாத்திரையைத் தேயிலைச் சரிவுக்குப் போகும் வாய்க்காலில் போட்டுவிட்டு, பார்க்க அதேபோல் இருந்த வைட்டமினைக் கொடுத்தேன்.

பசி குறைந்தது. துடைக்க வேண்டியதும் குறைந்தது. எட்டாம் நாள் பேச்சு குழறியது. பத்தாம் நாள் குளியலறையில் விழுந்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மாத்திரை சாப்பிட்டும் வீக்கம் கூடியிருப்பதால் கட்டிதான் திரும்ப வளர்கிறது என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். வரும் புதன்கிழமை மண்டையைத் திறக்கப்போகிறார்கள்.

"ஒரு நாளாச்சும் மாத்திர விட்டுப்போச்சா தம்பி?" என்று ருக்குமணியம்மா கேட்டார்.

"இல்லம்மா. எங் கையாலதான் குடுத்தேன்."

"பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காதுப்பா," என்று அழுது, என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

உண்மை தெரிந்தால் மண்டையைத் திறக்க மாட்டார்கள். அதே மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், பிழைத்தாலும் பிழைப்பார். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். என் மனசாட்சி சுத்தம், அக்கா.

ருக்குமணியம்மாவின் நம்பர் கீழே இருக்கிறது. கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடு. எனக்கு வியாழக்கிழமை விமானம். நீ வெள்ளிக்கிழமை கூப்பிடு.