யாருக்கோ விட்ட சுற்று

மாலை ஏழே கால். போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சாலை. கடைசி லோரியும் போய்விட்டால் அங்கே நாய்கூட நிற்காது... குரு, சிரிப்பதானால் வெளியே போய்ச் சிரி. இது என் கூட்டாளியின் தம்பி முகுந்தனுக்கு நடந்தது.

நானூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் பாட்டென்றால் முகுந்தனுக்குப் பைத்தியம். லூட் என்று ஒரு பழைய நரம்பு வாத்தியம் வாசிப்பான். அவன் குழுவில் இல்யாஸ் காலிடுக்கில் பெரிய வாத்தியத்தை நிறுத்தி வில் போடுவான். தாமரை பாடுவாள். அவளுக்கு வீசிங் உண்டு. மூச்சை இழுத்தால் சின்னதாக ஒரு விசில் சத்தம் கேட்கும். இன்ஹேலர் இல்லாமல் எங்கும் போகமாட்டாள்.

வாடகை குறைவு என்று அந்தச் சாலையில் ஒரு கிடங்கு மாடியில் பயிற்சி. ஈரச் சாக்கு நாற்றம், டீசல் நாற்றம்.

அந்தக் காலப் பாட்டில் முதல் சுற்றை உள்ளபடி பாட வேண்டும். அடுத்த சுற்றில் பாடுகிறவர் அதே மெட்டைத் தன் இஷ்டத்துக்கு வளைத்து நெளித்துச் சங்கதி போட வேண்டும். தாமரை மூச்சு வாங்கட்டும் என்று முகுந்தன் மூன்றாம் சுற்றை வெறும் வாத்தியத்துக்கு விட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மேதாவி, பாட்டுத் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் எழுதினான்: 'பாட விரும்புகிறவர் பாடலாம்.'

புதன்கிழமை. மூன்றாம் சுற்று வந்தது... ஒரு பெண் குரல் எழுந்தது.

தாமரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், யாருடா அது?" என்றான் இல்யாஸ்.

"கீழ ரேடியோ லா," என்றான் முகுந்தன். கீழே பூட்டியிருந்தது அவனுக்கே தெரியும்.

எப்போதும் போல முகுந்தனின் போனில் பதிவாகியிருந்தது. போட்டுக் கேட்டார்கள். சங்கதி மேல் சங்கதி. ஒன்றரை நிமிஷம். ஓர் இடத்தில்கூட அந்தக் குரல் மூச்சு வாங்கவில்லை.

பயந்து ஓடியிருக்க வேண்டாமா? தாமரைக்கு ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் அவர்களுடைய முதல் கச்சேரி.

"அதே சங்கதிய நான் பாடுறேன்."

"வேணாம் தாமர. அதுல மூச்சு வாங்க எடமே இல்ல."

"பாட விரும்புறவங்க பாடலாம்னு நீதானே எழுதி வெச்ச?"



வெள்ளிக்கிழமை. அதே ஏழே கால். மூன்றாம் சுற்றில் தாமரை பாடத் தொடங்கினாள். இரண்டு குரல் கேட்டது... பிறகு ஒன்றுதான் கேட்டது. அவள் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. இல்யாஸ் வில்லைப் போட்டுவிட்டு இன்ஹேலரோடு ஓடினான். முகுந்தனின் கையும் நின்றது. தாமரை வாய் மூடிச் சரிந்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள். இருபத்து நாலு வயசு, ஐயோ... வீசிங்தான் காரணம் என்றார் டாக்டர். இருக்கலாம், நான் படிக்காதவன்.

போன மாதம் முகுந்தன் என்னிடம் வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். போனை என் காதில் வைத்தான்.

"இது புதன்கிழம எடுத்ததுண்ணே. அவ செத்ததுக்கு ரெண்டு நாள் முன்னால," என்றான்.

மூன்றாம் சுற்று. அதே குரல், அதே சங்கதி. மூச்சே வாங்காது என்று சொன்னேன் இல்லையா...

இப்போது வாங்குகிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும், சின்னதாக ஒரு விசில் சத்தத்தோடு.